நஞ்சைக் கலப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்

"இரசாயனம் சேர்க்காமல் தண்ணீரைத் தூய்மைப்படுத்துகிறோம்" என்னும் முழக்கம் சந்தையில் நாளுக்கு நாள் உரத்துக் கேட்கிறது. தண்ணீருக்குள் உலோகத் தகடுகளை நிறுத்தி மின்சாரத்தைச் செலுத்தினால் போதும், படிகாரம் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், நஞ்சு தானே பிரிந்துவிடும் என்கிறார்கள். இந்த முழக்கத்தின் பின்னால் இருக்கும் அறிவியல் உண்மையானது; அதைத் தந்தவர்கள் பெரும்பாலும் பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வகங்களின் உழைப்பாளிகள். ஆனால் அந்த அறிவியலை ஒரு விற்பனைப் பொருளாக்கி, நஞ்சைக் குடிப்பவனிடமே அதை நீக்கும் கட்டணத்தையும் வசூலிக்கும் அரசியல் மக்கள் விரோதமானது. இரண்டையும் பிரித்தறிவது நமது இயக்கத்தின் கடமை.

தேற்றாங்கொட்டையிலிருந்து மின்தகடு வரை

கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரை ஊற்றி வைத்தால் சேறு திரண்டு அடியில் படியும். கலித்தொகையிலேயே இதற்குக் குறிப்பு உண்டு. தேற்றா மரத்தை அங்கே 'இல்லம்' என்ற பெயரால் காண்கிறோம். பிற்காலத்தில் நகரங்களின் நீரேற்று நிலையங்கள் அந்த வேலைக்குப் படிகாரத்தைப் பயன்படுத்தின. மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளச் செய்வதே இரண்டிலும் நடப்பது.

மின்திரட்டு முறையும் இதையே செய்கிறது. அலுமினியம் அல்லது இரும்புத் தகடுகளை இணை இணையாக நீரில் நிறுத்தி நேர்மின்சாரத்தைச் செலுத்தினால், நேர்மின்வாயாக உள்ள தகடு சிறிது சிறிதாகக் கரைகிறது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழ்கள் எழுகின்றன. கரைந்த உலோகம் நீரில் ஹைட்ராக்சைடாக மாறிப் பஞ்சுபோல் திரள்கிறது. ஃபுளோரைடு, ஆர்செனிக், சாயம், எண்ணெய்ப் பசை முதலானவற்றைத் தன்மேல் பற்றிக்கொள்கிறது. பின்னர் அந்தத் திரள் அடியில் படியும், அல்லது குமிழ்களோடு மேலே மிதக்கும். அதை வடித்து அகற்றினால் நீர் தெளியும்.

எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உலோகம் கரையும் என்பதை 1830களிலேயே மைக்கேல் ஃபாரடே விதியாக வகுத்துவிட்டார். ஓர் ஆம்பியர்-மணி மின்சாரம் ஏறத்தாழ 0.34 கிராம் அலுமினியத்தைக் கரைக்கும். ஆகவே இது எவரும் சரிபார்க்கக்கூடிய பொதுக்கணக்கு. எந்த நிறுவனமும் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் மந்திரம் என்று இதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

யாருடைய அறிவு இது?

இந்தியாவில் குடிநீரின் ஃபுளோரைடு எலும்பையும் பல்லையும் சிதைக்கிறது என்பதை, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தை ஆராய்ந்து 1937இல் வெளியிட்டவர்கள் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கொண்டு ஃபுளோரைடை நீக்கும் முறையை உருவாக்கியது நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம். தெலங்கானா விவசாயிகளின் வீரப் போராட்டக் களமான நல்கொண்டாவின் பெயரே அம்முறைக்கு நிலைத்தது. அதே நிறுவனம் பின்னர் சூரிய மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத் தகடுகளால் ஃபுளோரைடை நீக்கும் நிலையத்தை மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் இயக்கிக் காட்டியது. நமது காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இத்துறையில் நீண்டகாலமாக உழைத்து வருகிறது.

ஆர்செனிக்கை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில் தப்தபி என்னும் ஊரின் பள்ளியில், இரும்புத் தகடுகளைக் கொண்டு நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீரைத் தூய்மைப்படுத்தும் நிலையம் 2016இல் செயல்படத் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்களும் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து உருவாக்கியது அது.

மைசூரும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. இங்குள்ள ஸ்ரீ ஜயசாமராஜேந்திர பொறியியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் சாராய வடிசாலைக் கழிவுநீரை அலுமினியத் தகடுகளால் முன்தூய்மை செய்வது குறித்து 2010இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுள்ளனர். நிறமும் நாற்றமும் மிகுந்த, ஆற்றில் கலந்தால் மீன்களை மூச்சுத் திணற வைக்கும் கழிவு அது. ஆக, ஆற்றைக் காக்கும் அறிவு கபினியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. பின் ஆறு ஏன் காக்கப்படவில்லை?

முழக்கம் மறைக்கும் மூன்று செய்திகள்

அதற்கு விடை காணுமுன் முழக்கத்தையே பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதலாவது, 'எதுவும் சேர்ப்பதில்லை' என்பது பொய். தகடு கரைந்துதான் நீர் தெளிகிறது. கடையில் வாங்கிய படிகாரத்துக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய உலோகம் நீருக்குள் போகிறது. தெளிந்த நீரில் அலுமினியம் எஞ்சியுள்ளதா என்று சோதிப்பது கட்டாயம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை அதற்கு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, மாற்று நீராதாரம் இல்லாதபோது 0.2 வரை பொறுத்துக்கொள்கிறது. கரையாத தகடுகளைக் கொண்டு மாசை எரித்தழிக்கும் மின்-ஆக்சிஜனேற்ற முறையிலும் இதே நிலைதான். நீரில் ஏற்கெனவே உள்ள உப்பிலிருந்தே குளோரின் பிறக்கிறது. அது கரிமக் கழிவுகளோடு சேர்ந்து புதிய நச்சுச் சேர்மங்களை உண்டாக்கக்கூடும். வெளியிலிருந்து சேர்க்கவில்லை என்பதால் உள்ளே எதுவும் உருவாகவில்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது, கசடு. ஆயிரம் லிட்டர் நீருக்கு 50 கிராம் அலுமினியம் தேவைப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 150 ஆம்பியர்-மணி மின்சாரம் வேண்டும். மின்னழுத்தம் 10 வோல்ட் எனில் ஒன்றரை யூனிட். அந்த 50 கிராம் அலுமினியம் உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 145 கிராம் ஹைட்ராக்சைடாக வந்து சேரும். நீக்கிய நஞ்சு முழுவதும் அதற்குள்தான் இருக்கும். அதை ஏரிக்கரையில் கொட்டினால், மழைக்காலத்தில் எதை நீக்கினோமோ அது திரும்பி வரும்.

மூன்றாவது, உழைப்பு. ஓடும் நாள்களில் தகட்டின்மேல் படலம் படியும். படிந்தால் மின்சாரம் வீணாகும், நீர் தெளியாது. மின்வாய்களை மாற்றி மாற்றி இயக்க வேண்டும். தகட்டைச் சுரண்ட வேண்டும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். கசடை அள்ள வேண்டும். நாள்தோறும் நீரைச் சோதித்துப் பதிய வேண்டும். விளம்பரத்தில் இந்த மனிதர் இல்லை. தமிழகத்து ஊராட்சிகளில் அவர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குநர். கர்நாடகத்துக் கிராமப் பஞ்சாயத்துகளில் அவர் 'வாட்டர்மேன்'. சொற்ப ஊதியத்தில், நிரந்தரமின்றி, காலமுறை ஊதியம் கேட்டு இரு மாநிலங்களிலும் செங்கொடியின் கீழ்ப் போராடி வருபவர்கள் இவர்கள். இவர்களை நிரந்தரமாக்காமல் நிறுவப்படும் எந்தத் தூய்மைக் கருவியும் திறப்பு விழாவுக்கு மறுநாள் முதல் துருப்பிடிக்கத் தொடங்கும்.

கர்நாடகத்தில் இதை நேரிலேயே பார்த்துவிட்டோம். எதிர்ச்சவ்வூடுபரவல் முறையில், அதாவது ஆர்.ஓ. முறையில், ஆயிரக்கணக்கான குடிநீர் நிலையங்கள் கிராமந்தோறும் நிறுவப்பட்டன. நாணயத்தை இட்டால் குடம் நிறையும். அவற்றில் பல பழுதாகிப் பூட்டிக் கிடப்பது சட்டமன்றத்திலேயே திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டது. இயங்கும் நிலையங்களும் நீரின் ஒரு பெரும்பங்கைச் செறிந்த கழிவாக வெளியே தள்ளுகின்றன. நீரை இப்படி விரயமாக்கும் போக்கைக் கட்டுப்படுத்தும்படி 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. ஆர்.ஓ. போய் மின்தகடு வந்தால் மட்டும் இந்தக் கதை மாறிவிடாது. பெட்டி மாறும், ஒப்பந்தக்காரர் மாறமாட்டார்.

மின்சாரம் யாருக்காகப் பாய்ந்தது?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இத்தனை காலமாக இந்த அறிவு ஏன் பயன்படவில்லை?

மின்சாரத்தால் கழிவுநீரைத் தூய்மை செய்யும் முயற்சி பழையது. 1889இலேயே லண்டனின் கிராஸ்னெஸ் கழிவுநீர் நிலையத்தில் இரும்புத் தகடுகளைக் கொண்டு அது நடத்திப் பார்க்கப்பட்டது. முறை வேலை செய்தது. ஆயினும் மின்சாரம் விலை அதிகம், இரசாயனம் மலிவு என்ற கணக்கில் அது கைவிடப்பட்டது. ஆற்றின் நலன் அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை.

மைசூரின் வரலாறு இதைவிடத் தெளிவாகப் பேசும். காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து 1902இல் மின்சாரம் எடுக்கப்பட்டபோது அது முதலில் பாய்ந்த இடம் மைசூர் நகரமன்று. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு, லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் நிருவகித்த சுரங்கங்களுக்கு அது பாய்ந்தது. பெங்களூரின் தெருவிளக்குகள் 1905 வரையும், மைசூர் நகரம் 1908 வரையும் காத்திருந்தன. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழ்த் தலித் உழைப்பாளிகள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது, சயனைடு கழிவு மேடுகள் அவர்களுடைய குடியிருப்புகளின் அருகில் நிற்கின்றன. அந்த மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்க ஏலம் விடும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேட்டிலிருக்கும் தங்கத்துக்கு ஏலம் உண்டு. மேட்டடியில் வாழும் மக்களின் நீருக்கு என்ன உண்டு?

மின்சாரத்தைத் தொலைதூரத்துக்குக் கொண்டு செல்லும் கண்டுபிடிப்பின் புரட்சிகர ஆற்றலை 1883லேயே பெர்ன்ஸ்டைனுக்கு எழுதிய மடலில் எங்கெல்ஸ் கண்டுகொண்டார். 1920இல் லெனின் நாடு முழுவதையும் மின்மயமாக்குவதைச் சோவியத் அதிகாரத்தோடு கூட்டியே பேசினார். அந்தக் கூட்டல் குறியின் ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது இன்று பலருக்கு வழக்கமாகிவிட்டது. அதிகாரம் யாரிடம் என்ற கேள்வியை விட்டுவிட்டால் மின்சாரம் மூலதனம் காட்டும் திசையில்தான் பாயும்.

நஞ்சுண்டவன் ஊரில்

மைசூருக்குத் தெற்கே கபினியின் கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. நஞ்சை உண்ட சிவனின் பெயரால் வழங்கும் ஊர். இன்று அது பெரியதொரு தொழிற்பேட்டை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட, நாட்டின் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் நஞ்சன்கூட்டை ஒட்டிய கபினியும் இடம்பெற்றது. இங்கிருந்து கபினி திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. காவிரி சிவனசமுத்திரத்தைக் கடந்து ஒகேனக்கல்லுக்கு வருகிறது. அங்கே எடுக்கப்படும் நீர், நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் தலைமுறை தலைமுறையாக எலும்பு வளைந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்குக் குழாயில் செல்கிறது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஒரு நஞ்சிலிருந்து தப்பக் காவிரியை நம்பிய மக்களுக்கு, மேல்மடையின் ஆலைகள் வேறொரு நஞ்சை அனுப்பலாமா? புராணத்தில் நஞ்சை உண்டவர் கடவுள். நடப்பில் உண்பவர்கள் கீழ்மடையின் உழைப்பாளிகள்.

2008இல் இதே ஒகேனக்கல் திட்டத்தை எதிர்த்துக் கன்னட இனவாத அமைப்புகள் தெருவில் இறங்கின. எல்லையின் இப்பக்கத்திலும் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடியவர்கள் இருந்தார்கள். காவிரியில் எத்தனை டி.எம்.சி. என்று இருபுறமும் முழங்கியவர்கள், அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அத்தனை குரலில் கேட்டதில்லை. 2018 பிப்ரவரி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என வகுத்தது. அது நீரின் அளவுக் கணக்கு. காவிரி மாசு குறித்துத் தமிழக அரசு 2015இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது உண்மைதான். ஆனால் அதே 351 இடங்களின் பட்டியலில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியும் இருந்தது. ஈரோட்டின் காலிங்கராயன் வாய்க்காலில் கலக்கும் சாயம் கன்னடம் பேசவில்லை. நஞ்சைக் கலக்கும் மூலதனத்துக்கு மொழியும் கிடையாது, மாநிலமும் கிடையாது.

எந்த இடத்தில் தகட்டை நிறுத்துவது?

மின்வேதியியல் முறை பற்றிய விவாதத்தின் மையம் இதுதான். தகட்டை ஆலையின் கழிவுவாயில் நிறுத்துவதா, உழைப்பாளி வீட்டுக் குழாயடியில் நிறுத்துவதா?

ஆலையின் கழிவுவாயில் நிறுத்தினால் நஞ்சு செறிந்திருக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்கலாம், செலவு உற்பத்திச் செலவோடு சேரும், உபரியிலிருந்து கழியும். குழாயடியில் நிறுத்தினால் அதே நஞ்சு ஆயிரம் மடங்கு நீரில் பரவிய பிறகு, ஆயிரம் வீடுகளில் தனித்தனியாகத் துரத்த வேண்டும். செலவு கூலியிலிருந்து கழியும். ஆளும் வர்க்கம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர்தான் 'இரசாயனமில்லாத் தூய்மை'.

மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டம். வேலூர் தோல் ஆலைகள் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை அறிவித்தது. அந்த மண்ணிலேயே பாலாறு இன்னும் நலம்பெறவில்லை. திருப்பூரில் சாய ஆலைகள் நொய்யலைக் கொன்றதை அனைவரும் அறிவோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடும்படி ஆணையிட்ட பின்னரே கழிவில்லா வெளியேற்றத்துக்கான கருவிகள் உண்மையாக இயங்கத் தொடங்கின. தொழில்நுட்பம் அதற்கு முன்பும் இருந்தது. நிர்ப்பந்தம்தான் இல்லாதிருந்தது.

மைசூரில் தனியாரை நம்பிய கதையும் நினைவில் இருக்க வேண்டும். 24 மணி நேரக் குடிநீர் என்ற வாக்குறுதியோடு 2008ஆம் ஆண்டின் இறுதியில் டாட்டா குழுமத்தின் ஜஸ்கோ நிறுவனத்திடம் நகரின் நீர் வினியோகப் பணி ஒப்படைக்கப்பட்டது. நீர்நிலையத் தொழிலாளர்களும் குடிமக்கள் அமைப்புகளும் எதிர்த்தனர். வாக்குறுதி நிறைவேறவில்லை, மாநகராட்சி மன்றத்திலேயே கண்டனம் எழுந்தது. நகருக்கு இன்று நீர் கொடுப்பது மாநகராட்சியின் வாணி விலாஸ் நீர்நிலையம்தான்.

இரு பிழையான நிலைகள்

நம்மிடையே இரண்டு பிழையான கருத்துகள் நிலவுகின்றன. தொழில்நுட்பம் வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும், அதைப் பரப்பினால் போதும் என்று சில தோழர்கள் எண்ணுகிறார்கள். காரைக்குடியின் அறிவு தருமபுரியை அடைய நடுவில் ஒரு சந்தை நிற்பதை இவர்கள் காண்பதில்லை. இவையெல்லாம் முதலாளிகளின் கருவிகள், நமக்கு எதற்கு என்று வேறு சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இதனால் பொதுத்துறை ஆய்வகங்களின் சாதனையைத் தனியார் தம் சாதனையாக விளம்பரம் செய்ய நாமே இடம் கொடுத்துவிடுகிறோம். ஃபுளோரைடால் முதுகு நிமிராத விவசாயத் தொழிலாளிக்கு, புரட்சி வரும்வரை காத்திரு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இன்று அவருக்குத் தூய நீர் வேண்டும். அதை இன்று தரக்கூடிய முறையும் இருக்கிறது. அதைப் பொதுச் சேவையாகப் பெறுவதற்கான போராட்டமே நமது வேலை.

ஆகவே நமது கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். பொது ஆய்வகங்களில் உருவான நீர்த்தூய்மை முறைகள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிமக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். தொழிற்பேட்டைகளில் ஒவ்வொரு ஆலையின் கழிவுவாயிலும் தூய்மைக் கருவிகள் ஆலைகளின் செலவில் இயங்க வேண்டும். அவற்றின் மின்நுகர்வுப் பதிவும் நீர்ச் சோதனை முடிவுகளும் மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும். தகடு ஓடியதா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்பதை மின்கணக்கே காட்டிக்கொடுக்கும். ஃபாரடேயின் விதி நமக்குத் தரும் ஆயுதம் அது. கசடைப் பாதுகாப்பாக அகற்றும் பொறுப்பு ஆலையையும் அரசையும் சார வேண்டும். குடிநீர் நிலையங்களை இயக்குவோர் அனைவரும் நிரந்தரப் பணியாளர்களாக்கப்பட்டு, பயிற்சியும் காலமுறை ஊதியமும் பெற வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை நஞ்சன்கூட்டுத் தொழிலாளிகளிடம் கன்னடத்திலும் தருமபுரி விவசாயிகளிடம் தமிழிலும் ஒரே நாளில் கொண்டு செல்ல முடியும். ஆலைக்குள் வேலை செய்யும் தொழிலாளிதான் கழிவு எந்தக் குழாயில், எந்த நேரத்தில் திறந்துவிடப்படுகிறது என்பதை அறிந்தவர். அதைக் குடிப்பவர் அவருடைய வர்க்கத்தைச் சேர்ந்தவர். ஆற்றின் இரு முனைகளிலும் நிற்கும் இவ்விருவரையும் ஒரே மேடையில் அமர்த்தும் வேலையை இரு மாநிலத் தோழர்களும் இப்போதே தொடங்க வேண்டும்.